கூத்தாநல்லூரில் நான் நிறுத்திய ப்ரோக்ராம்

லேப்டாப் மெதுவாக ஓடுகிறது என்று ஒருவர் கடைக்கு வந்தால் முதலில் என்ன செய்வீர்கள் என்று போன வாரம் உங்களிடம் கேட்டேன். கடையில் வேலை பழகும் நீங்கள் நான்கு பேரும் ஒரே பதிலைச் சொன்னீர்கள். டாஸ்க் மேனேஜரைத் திறப்போம், எது அதிகமாக இழுக்கிறது என்று பார்ப்போம், அதை நிறுத்துவோம். பதில் தப்பு என்று சொல்லமாட்டேன். இப்போது ஓய்வு பெற்றுவிட்ட நானும் ஒரு காலம்வரை அதைத்தான் செய்தேன். ஆனால் அந்தப் பதிலைக் கேட்டதும் கூத்தாநல்லூரில் ஒரு வீடு ஞாபகத்துக்கு வந்துவிட்டது. கடையிலேயே சொல்லத் தொடங்கினேன். மூன்று முறை போன் அடித்தது, இரண்டு பேர் பிரிண்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள், பேச்சு பாதியில் நின்றுவிட்டது. அதனால் எழுதித் தருகிறேன். டீ குடிக்கும்போது படியுங்கள்.

நான் தஞ்சாவூரில் இந்த வேலைக்கு வந்தபோது, கம்ப்யூட்டர் என்பது செருப்பைக் கழற்றிவிட்டு ஏசி அறைக்குள் போய்ப் பார்க்கிற பொருளாக இருந்தது. பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமா முடித்திருந்தேன். திருத்துறைப்பூண்டிப் பக்கம் எங்கள் ஊரில் என் அம்மா நடவுக்குப் போய்க்கொண்டிருந்தார். நான் ஸ்க்ரூடிரைவரைப் பிடித்தேன். சில வருஷங்களிலேயே தெருவுக்குத் தெரு பிரவுசிங் சென்டர் வந்துவிட்டது. மெட்ராஸ், பெங்களூர் போன பிள்ளைகளிடமிருந்து மெயில் வந்திருக்கிறதா என்று பார்க்க, அப்பாமார் வெள்ளை வேட்டியோடு அங்கே வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். அரிசி ஆலைக்காரர்கள் கணக்குக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கி வைத்தார்கள். அதைத் திறந்தால் உள்ளே கைப்பிடி அளவு தவிட்டுத் தூசி இருக்கும். ஃபேன் மூச்சுமுட்டி நின்றிருக்கும். அறுவடைக் காலத்தில் எலி ஒயரைக் கடித்திருக்கும். அந்தக் கோளாறுகள் எனக்குப் பிடிக்கும். கண்ணால் பார்க்கலாம், பிரஷை வைத்துத் தட்டிவிடலாம், வேலை முடிந்தது என்று கைக்கே தெரியும். இன்றைக்கும் தவிட்டு வாசனை அடித்தால் எனக்கு அந்த நாட்கள்தான் நினைவுக்கு வருகின்றன.

அப்புறம் லேப்டாப் வந்தது. கோளாறுகள் திரைக்குப் பின்னால் போய்விட்டன.

கூத்தாநல்லூர்ப் பக்கமிருந்து அழைப்பு வந்தால் எங்கள் கடை முதலாளி என்னைத்தான் அனுப்புவார். அந்த ஊரில் பாதி வீடுகளில் ஆண்கள் குவைத்திலோ சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருந்தார்கள். முன்பின் தெரியாத ஓர் ஆண் உள்ளறை வரை வந்து இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பது வீட்டிலிருக்கும் பெண்களுக்குச் சங்கடம். "உங்க கடையில பொம்பள இஞ்சினியர் இருக்காங்களாமே, அவங்கள அனுப்புங்க" என்று போனிலேயே கேட்டுவிடுவார்கள். எனக்கு அதில் பெருமை உண்டு. கைப்பையில் டூல்ஸ், டிபன் பாக்ஸ், ஒரு குடை. நீடாமங்கலம், மன்னார்குடி வழியாக பஸ். ஒரே நாளில் நான்கு வீடு பார்த்துவிட்டுத் திரும்புவேன். "சட்டுனு முடிச்சிருவாங்க" என்று எனக்கு ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரைக் காப்பாற்றுவதில் நான் கொஞ்சம் கூடுதலாகவே ஆசைப்பட்டேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

நான் சொல்கிற வீடு ஹாஜிராவுடையது. அவருக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். கணவர் குவைத்தில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். வீட்டில் ஹாஜிரா, மாமியார், ஐந்து வயது மகள் சுமையா, மூன்று பேர்தான். லேப்டாப் சாப்பாட்டு மேஜைமேல் பூவேலை செய்த துணியால் மூடி வைக்கப்பட்டிருந்தது.

"தொறந்து வச்சிட்டு, உலை வச்சு சோறு வடிச்சிட்டு வரலாங்க்கா. அப்பவும் அந்த வட்டம் சுத்திக்கிட்டேதான் இருக்கு" என்றார்.

அன்றைக்கு எனக்கு இன்னொரு வேலை காத்திருந்தது. மன்னார்குடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் மறுநாள் செய்முறைத் தேர்வு. பத்து கம்ப்யூட்டரில் நான்கு எழுந்திருக்கவில்லை. அந்தப் பள்ளியின் ஆசிரியர் நான் பஸ்ஸில் வரும்போதே மூன்று முறை போன் செய்துவிட்டார். அவர் குரலில் அழுகை எட்டிப் பார்த்தது.

ஹாஜிரா சமையலறைக்குள் போனார். நான் லேப்டாப்பைத் திறந்தேன். ஹார்ட் டிஸ்க் விளக்கு விட்டு விட்டு மின்னாமல் ஒரேயடியாக எரிந்துகொண்டிருந்தது. டாஸ்க் மேனேஜரில் நான் அதுவரை கேள்விப்படாத ஒரு ப்ரோக்ராம் முதல் வரிசையில் நின்றது. மெஷினின் முழுச் சக்தியையும் அதுதான் பிடித்து வைத்திருந்தது. இன்டர்நெட்டையும் அதுதான் இழுத்துக்கொண்டிருந்தது. எதையோ டவுன்லோட் செய்தபோது கூடவே ஒட்டிக்கொண்டு வந்தது என்று முடிவு செய்தேன். அந்த மாதிரி ஒட்டுண்ணிகளை அந்த ஒரு மாதத்திலேயே பத்து லேப்டாப்பில் பார்த்திருந்தேன். நிறுத்தினேன். நிறுத்தினால் மறுபடி எழுந்துவரும் என்பதால் அடியோடு நீக்கினேன். மெஷின் தொடங்கும்போதே எழுந்துகொள்கிற மற்ற சில சில்லறைகளையும் சேர்த்து எடுத்துவிட்டேன்.

சமையலறை பத்தடி தூரம். "ஹாஜிரா, இது என்னன்னு தெரியுமா?" என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒரு குரல் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை.

இன்னொன்றும் செய்யவில்லை. ஒரு ப்ரோக்ராம் டிஸ்க்கைப் பிடித்துக்கொண்டு விடாமல் திணறினால் கோளாறு அந்த ப்ரோக்ராமிடமும் இருக்கலாம், டிஸ்க்கிடமும் இருக்கலாம். டிஸ்க்கைச் சோதித்துப் பார்க்க நாற்பது நிமிஷம் ஆகும். மன்னார்குடி ஆசிரியர் நான்காவது முறை கூப்பிட்டார்.

மெஷினை அணைத்துப் போட்டேன். ஒரு மூச்சு விடுகிற நேரத்தில் திறந்துகொண்டது. ஹாஜிரா டீயோடு வந்து பார்த்துவிட்டு, "வாங்குன புதுசுல கூட இவ்ளோ வேகமா இல்லக்கா" என்றார். நான் சர்வீஸ் தாளில் 'தேவையற்ற ப்ரோக்ராம் நீக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்து வாங்கினேன். சுமையா பாயில் உட்கார்ந்து பட அட்டைகளைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். காதுக்குப் பின்னால் சின்னதாக ஒரு காது மெஷின் மாட்டியிருந்தது. "போயிட்டு வரட்டுமா?" என்றேன். அவள் என் வாயைப் பார்த்தாள். நான் டீயை நின்றபடியே குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

மன்னார்குடியில் நான்கு கம்ப்யூட்டரையும் எழுப்பிவிட்டேன். தேர்வு நடந்தது. ரொம்பத் திருப்தியான நாள் என்று வீட்டில் சொன்னது ஞாபகம் இருக்கிறது.

மூன்று வாரம் கழித்து ஹாஜிரா கடைக்கு போன் செய்தார். "லேப்டாப் எந்திரிக்க மாட்டேங்குதுக்கா. உள்ள ஏதோ தட்டுற சத்தம் கேக்குது. கொஞ்சம் சீக்கிரம் வர முடியுமா?"

அன்றே போனேன். மேஜைமேல் துணி மூடாமல் கிடந்தது. பட்டனை அழுத்தினேன். டக், டக், டக் என்று மூன்று முறை, ஒரு இடைவெளி, மறுபடியும் மூன்று முறை. நீங்கள் இந்தச் சத்தத்தை அதிகம் கேட்டிருக்கமாட்டீர்கள். இப்போது வருகிற டிஸ்க்குகள் சத்தமில்லாமல் செத்துப்போகின்றன. எங்கள் காலத்தில் அந்தத் தட்டல் கேட்டால் டிஸ்க் சாகப்போகிறது என்று அர்த்தம். உடனே அணைத்தேன்.

"உள்ள முக்கியமா ஏதாவது இருக்குங்களா?" என்று கேட்டேன். முதல் நாளே கேட்டிருக்கவேண்டிய கேள்வி.

ஹாஜிரா எதிரில் உட்கார்ந்து சொல்லத் தொடங்கினார். சுமையாவுக்குப் பிறவியிலேயே காது சரியாகக் கேட்கவில்லை. நான்கு வயதில்தான் கண்டுபிடித்து மெஷின் மாட்டினார்கள். தஞ்சாவூரில் ஒரு பேச்சுப் பயிற்சி டீச்சர் சொல்லிக் கொடுத்தபடி, தினமும் அரை மணி நேரம் ஹாஜிரா மகளை எதிரில் உட்கார வைத்து ஒவ்வொரு சொல்லாகச் சொல்ல வைப்பார். அதை அந்த லேப்டாப் கேமராவில் பதிவு செய்வார். அப்பாவை அந்த வீடுகளில் அத்தா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"போன்ல அவளுக்கு எதுவும் கேக்காதுக்கா. அவங்க அத்தா கூப்பிட்டா போனத் தூக்கி என்கிட்டயே குடுத்துருவா. இந்த ரெக்கார்டிங்தான் அவங்க ரெண்டு பேருக்கும் பேச்சு. வெள்ளிக்கிழமை லீவு நாள்ல அவங்க ஒரு வாரத்துதையும் ஒக்காந்து பாத்துருவாங்க."

"எப்படி அனுப்புவீங்க?" என்றேன். கேட்கும்போதே எனக்குப் புரிய ஆரம்பித்திருந்தது.

"நான் ஒண்ணும் பண்ண வேண்டாம். போன தடவ லீவுல வந்தப்ப அவங்க ஒரு ப்ரோக்ராம் போட்டுக் குடுத்துட்டுப் போனாங்க. நான் ரெக்கார்ட் பண்ணி வச்சா போதும், அதுவே கொஞ்சங் கொஞ்சமா ஏத்திவிட்ரும். ஏறி முடிச்சா ஓரத்துல ஒரு பச்சை டிக் வரும். நீங்க வந்து சுத்தம் பண்ணதுக்கப்புறம் அந்த டிக் காணோம். சரி, நீங்க ஒழுங்கு பண்ணி உள்ள வச்சிருப்பீங்கன்னு நெனச்சுக்கிட்டேன்."

மூன்று வாரமாக ஒன்றுமே போகவில்லை. அதை அவர் கணவரும் கவனிக்க வழியில்லாமல் போயிருக்கிறது. கம்பெனி அவரை ஊருக்கு வெளியே, பாலைவனத்தில் ஒரு வேலைத்தளத்துக்கு அனுப்பிவிட்டது. அங்கே இன்டர்நெட் கிடையாது. வாரம் ஒருமுறை இரண்டு நிமிஷம் போன், அவ்வளவுதான்.

"அந்த நேரத்துலதான்க்கா, ஒரு நாள் காலையில அவங்க போட்டோவக் காட்டி, வழக்கம்போலக் கேட்டேன். எட்டு மாசமா 'ஆ'ன்னு மட்டும்தான் சொல்லுவா. அன்னிக்கு 'அத்தா'ன்னா. முழுசா. அவங்க போன் பண்ணப்ப, 'உங்களுக்கு ஒண்ணு அனுப்பியிருக்கேன், வந்து பாருங்க, என்னன்னு சொல்லமாட்டேன்'னு சொல்லிட்டேன். நேத்து அவங்க ரூமுக்குத் திரும்பி வந்துட்டாங்க. தேடிப் பாத்துட்டு, 'ஒண்ணுமே வரலியே'ன்னாங்க. இங்க தொறந்தா இது தட்டுது."

அவர் குரலில் என்மேல் ஒரு துளி சந்தேகம் இல்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை. அப்போதே சொல்லியிருக்கலாம். "கடைக்குக் கொண்டுபோய்ப் பார்க்கறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு லேப்டாப்பை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

கடையில் டிஸ்க்கைக் கழற்றி வேறொரு மெஷினில் மாட்டினேன். அதிர்ஷ்டம், சில நிமிஷம் உயிர் வந்தது. சுமையாவின் பெயரில் ஒரு ஃபோல்டர், உள்ளே தேதி வாரியாக ரெக்கார்டிங்குகள். இரண்டு காப்பி ஆயின. மூன்றாவதில் மெஷின் உறைந்து நின்றது. டக், டக், டக். மின்சாரத்தைப் பிடுங்கினேன்.

முதலாளி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு தடவ வந்தது இன்னொரு தடவ வரும்மா. மறுபடி போடு" என்றார்.

எனக்கும் கை அங்கேதான் போயிற்று. இன்னும் ஒரே ஒரு முறை. ஒருவேளை அடுத்த முறை பத்து காப்பி ஆகலாம். ஆனால் அந்தத் தட்டலோடு ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் உள்ளே ஊசி மாதிரி இருக்கிற ஒரு முனை தகட்டைச் சுரண்டக்கூடும் என்பது எனக்குத் தெரியும். சுரண்டிய இடத்தை யாராலும் மீட்க முடியாது. முதல் முறை என் அவசரத்தால் கெட்டது. இரண்டாவது முறையும் என் அவசரத்தால் கெடக்கூடாது என்று கையை எடுத்துக்கொண்டேன்.

"வேண்டாம் சார். சென்னையில இதுக்குன்னு லேப் இருக்கு. அங்க கொண்டுபோகணும். அதுக்கு முன்னாடி அவங்ககிட்ட நடந்ததச் சொல்லணும்."

"என்னத்தச் சொல்லப் போற?"

"அந்த ப்ரோக்ராம நான்தான் எடுத்தேன்னு."

முதலாளி நாற்காலியில் உட்கார்ந்தார். கெட்டவர் இல்லை. கடையைச் சின்னதாகத் தொடங்கி, பிரவுசிங் சென்டர்கள் ஒவ்வொன்றாக மூடிய காலத்திலும் ஆறு பேருக்கு வேலை கொடுத்துக்கொண்டிருந்தவர். "நல்லா யோசிச்சுப் பாரு. டிஸ்க்குக்கு ஆயுசு முடிஞ்சுது, போச்சு. அத நீயா ஒடச்ச? அந்த ஊர்ல ஒரு வீட்ல சொன்னா பத்து வீட்ல சொன்ன மாதிரி" என்றார்.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. டிஸ்க் சாவது என் கையில் இல்லை. ஆனால் அன்றைக்கு அந்த ப்ரோக்ராம் ஏன் அப்படித் திணறியது என்று பஸ்ஸில் வரும்போதே எனக்கு விளங்கிவிட்டிருந்தது. டிஸ்க்கில் கெட்டுப்போன இடங்களிலிருந்து படிக்க முடியாமல், விடாமல் மறுபடி மறுபடி முயன்றுகொண்டிருந்திருக்கிறது. டிஸ்க் மோசமாகிக்கொண்டிருக்கிறது என்பதை அந்த மெஷினில் வெளியே காட்டியது அது ஒன்றுதான். ரெக்கார்டிங்குகளைப் பத்திரமான இடத்துக்கு ஏற்றிக்கொண்டிருந்ததும் அது ஒன்றுதான். அதைத்தான் நான் தேவையற்றது என்று எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தேன். அது போனபிறகு கெட்ட இடங்களை யாரும் தொடவில்லை, அதனால் மெஷின் வேகமாக ஓடியது. அந்த வேகத்தைப் பார்த்துத்தான் ஹாஜிரா என்னைப் பாராட்டினார்.

இதையெல்லாம் முதலாளியிடம் சொன்னேன். அந்த சர்வீஸ் தாளை எடுத்துப் படித்துப் பார்த்தார். பிறகு, "சரி, போய்ச் சொல்லு. ஆனா கடையில தப்பு நடந்துபோச்சுன்னு சொல்லு. உன் பேரச் சொல்லாத" என்றார். பழியைக் கடைமேல் போட்டுக்கொள்ளச் சொன்ன முதலாளியை இந்த வேலையில் வேறெங்கும் நான் கேள்விப்பட்டதில்லை.

மறுநாள் கூத்தாநல்லூர் போனேன். ஹாஜிராவும் மாமியாரும் கூடத்தில் இருந்தார்கள். சொல்லவேண்டியதை மனதில் வரிசையாக அடுக்கிக்கொண்டு போயிருந்தேன். உட்கார்ந்ததும் எல்லாம் கலைந்துவிட்டது. "அந்தப் பச்சை டிக் வர்ற ப்ரோக்ராம நான்தான் எடுத்தேன். என்னன்னு தெரியாம எடுத்துட்டேன். மூணு வாரத்து ரெக்கார்டிங்கும் இந்த டிஸ்க்குல மட்டும்தான் இருக்கு" என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

மாமியார்தான் முதலில் பேசினார். "எடுக்குறதுக்கு முன்னாடி ஒரு வார்த்த கேக்கலியேம்மா. நாங்க வீட்லதானே இருந்தோம்."

ஹாஜிரா எழுந்து உள்ளே போனார். திரும்பி வரப் பத்து நிமிஷம் ஆகியிருக்கும். அந்தப் பத்து நிமிஷம் சுமையா என் பக்கத்தில் வந்து நின்று, தன் பட அட்டைகளை ஒவ்வொன்றாக என் மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். பூ, ஆடு, பஸ். நான் வாயைத் திறக்கவில்லை. என்ன சொன்னாலும் அவள் என் உதட்டைப் பார்ப்பாள் என்று தெரியும்.

ஹாஜிரா வெளியே வந்தபோது முகம் கழுவியிருந்தார். கையில் போன். "அவங்க லைன்ல இருக்காங்க. நீங்களே சொல்லுங்க" என்றார்.

சொன்னேன். மறுமுனையில் அவர், "நான் ப்ரோக்ராம் போட்டப்ப ஒரு சீட்டாவது எழுதி ஒட்டியிருக்கணும். அதுக்குப் பேரும் ஒரு மாதிரி பேரு, யாருக்கும் வெளங்காது" என்றார். என் தப்பில் பாதியை அவர் எடுத்துக்கொள்ளப் பார்த்தார். "இல்லங்க, நான் கேட்டிருக்கணும்" என்றேன்.

"அந்த ஒரு நாளு ரெக்கார்டிங் கெடைக்குமா? என்னன்னு இவ இப்பத்தான் சொன்னா."

"உறுதியாச் சொல்ல முடியாதுங்க. சென்னைக்குக் கொண்டுபோனா கொஞ்சமாவது கெடைக்கும்."

போனை வாங்கிய ஹாஜிரா கணவரிடம் மெதுவாக ஏதோ சொல்லிவிட்டு வைத்தார். பிறகு என்னிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார். "சென்னையில யாரு பாப்பாங்கக்கா? ஆம்பளைங்களா? அதுல நான் வீட்ல இருக்குற மாதிரிதான் இருப்பேன். தலையில துணி இருக்காது. அழுதிருப்பேன், சிரிச்சிருப்பேன். புள்ளையும் அவங்களும் பாக்குறதுக்குன்னு எடுத்தது."

எனக்கு இது தோன்றவே இல்லை. கூரியரில் அனுப்பிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். "நானே கொண்டுபோறேன். பக்கத்துலயே ஒக்காந்திருப்பேன். தொறந்து பாக்குறது நான் மட்டும்தான்" என்றேன்.

அவர் என்னை நேராகப் பார்த்தார். "மொத நாள் நீங்க கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேன்லக்கா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு, டிஸ்க்கை எடுத்துக்கொண்டு போக அனுமதித்துக் கையெழுத்துப் போட்டார்.

துண்டில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் சென்னை போனேன். லேபில் இருந்தவர் என் தம்பி வயதுக்காரர். விஷயத்தைச் சொன்னேன். "ஃபைல் பேரும் சைஸும் பார்த்தாலே எனக்கு வேலை நடக்கும் மேடம். திறந்து பார்க்கறத நீங்க பாருங்க" என்று திரையை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டார். முதலில், டிஸ்க்கை எத்தனை முறை ஓட்டினீர்கள் என்று கேட்டார். "வீட்ல பட்டன அழுத்துனது போக, கடையில ஒரே தடவ" என்றேன். "நல்லவேளை" என்றார். அந்த ஒரு சொல்லுக்காகவே நான் மறுபடி மாட்டாமல் கையை எடுத்துக்கொண்டதை இன்றுவரை நினைத்து ஆறுதல் அடைகிறேன்.

மூன்று நாள் அங்கேயே ஒரு சொந்தக்காரர் வீட்டில் தங்கி, தினமும் போய் உட்கார்ந்தேன். பெரும்பாலானவை வந்தன. ஒவ்வொன்றையும் திறந்து, காதில் ஹெட்போனை மாட்டி, சில நொடிகள் மட்டும் சரிபார்த்தேன். ஹாஜிராவின் குரல் "பா... ல்" என்று நீட்டும். ஒரு சின்னக் குரல் பின்னாலேயே முயலும். சில நாட்களில் குழந்தை அடம் பிடித்து அட்டைகளை வீசும். ஹாஜிரா அதைப் பொறுக்கி எடுத்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார்.

ஹாஜிரா தேதி சொல்லியிருந்த, குழந்தை முதன்முதலில் 'அத்தா' என்ற அந்த நாளின் ரெக்கார்டிங் திறக்கவில்லை. லேப்காரர் மூன்று விதமாக முயன்றார். முதல் நொடியின் படம் மட்டும் வந்தது: பாயில் உட்கார்ந்து சுமையா கேமராவைப் பார்க்காமல் வேறெங்கோ பார்க்கிறாள். அதற்குமேல் ஒன்றுமில்லை.

அதற்கு மறுநாளைய ரெக்கார்டிங் முழுசாக வந்தது. அதில் ஹாஜிரா போட்டோவைக் காட்டுகிறார். குழந்தை உடனே சொல்லவில்லை. உதட்டைக் குவித்து, விட்டு, மறுபடி குவித்து, "அத்தா" என்கிறாள். அங்கே நிறுத்திவிட்டேன். அதற்குமேல் கேட்கிற உரிமை எனக்கு இல்லை.

புது டிஸ்க் மாட்டி, மீட்டதையெல்லாம் அதில் ஏற்றி, சிடியிலும் தனியாகப் பதிந்து கூத்தாநல்லூருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். எந்த நாள் இல்லை என்று ஹாஜிராவிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன். அன்று மாலையே அவருடைய சித்தி மகன் ரெக்கார்டிங்குகளையெல்லாம் திறந்து பார்க்காமல் திருவாரூரில் வேகமான லைன் இருக்கிற இடத்துக்குக் கொண்டுபோய் அனுப்பிவைத்தானாம்.

உங்களுக்குச் சொல்லவேண்டியது இதுதான். அதற்குப் பிறகு பெயர் தெரியாத எந்த ப்ரோக்ராமையும் நான் கேட்காமல் தொட்டதில்லை. இதை யார் போட்டது, இது நின்றால் யாருக்குத் தெரியும் என்று இரண்டு கேள்வி. பாதிப் பேருக்குப் பதில் தெரியாது. அப்போது நீக்காமல், தற்காலிகமாக நிறுத்திவைத்து, 'இன்ன பெயரில் ஒன்றை நிறுத்தியிருக்கிறேன், ஏதாவது குறைந்தால் கூப்பிடுங்கள்' என்று தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வருவேன். டிஸ்க் விளக்கு விடாமல் எரிந்தால் முதலில் டிஸ்க்கைச் சோதிப்பேன். யார் எத்தனை முறை போன் செய்தாலும் சரி. சட்டென்று முடிப்பவர் என்ற பெயர் கொஞ்சங்கொஞ்சமாக என்னை விட்டுப் போயிற்று. ஒரு நாளைக்கு நான்கு வீடு என்பது இரண்டாயிற்று. முதலாளி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் பயந்த மாதிரி அந்த ஊர் எங்களை ஒதுக்கவும் இல்லை. ஹாஜிரா மட்டும் அப்புறம் நான் எப்போது போனாலும், லேப்டாப்பைத் திறப்பதற்கு முன்னால், "இன்னைக்கு எதையாவது எடுக்கப் போறீங்களாக்கா?" என்று கேட்பார். சிரித்துக்கொண்டேதான் கேட்பார். ஆனால் நான் பதில் சொல்லும்வரை அந்த இடத்தைவிட்டு நகரமாட்டார்.

டிஸ்க் மாட்டிக் கொடுத்து வந்த அடுத்த சனிக்கிழமை, கடையில் நான் தனியாக இருந்தபோது போன் வந்தது. குவைத்திலிருந்து அவர் கணவர்.

"நேத்து லீவுங்க. எல்லாம் வந்து சேந்துருச்சு. ரூம்ல ஆறு பேரு இருக்கோம், எல்லாம் நம்ம பக்கத்து ஆளுங்கதான். அவ மொகம் தெரியிறதையெல்லாம் நான் தனியாப் பாத்துட்டேன். அப்புறம் புள்ள பேசுற எடத்த மட்டும் எல்லாருக்கும் போட்டுக் காமிச்சேன். திருத்துறைப்பூண்டிக்காரரு ஒருத்தரு இருக்காரு, அவரு புள்ள பொறந்ததுலேர்ந்து இன்னும் ஊருக்குப் போகல. இன்னொரு தடவ போடுங்கன்னாரு. நாலு தடவ போட்டோம்."

"மொத நாளு கெடைக்கலைங்க" என்றேன்.

"தெரியும், சொன்னா. பரவாயில்லைங்க. எனக்கு மொத நாளு அதுதான். ஒரு ஒதவி. அந்த ப்ரோக்ராமத் திருப்பிப் போட்டுக் குடுத்துருங்க. லேப்டாப்பு மெதுவா ஓடுனா ஓடிட்டுப் போவுது."

திங்கட்கிழமை போனேன். போட்டேன். அதன் பெயரை ஒரு தாளில் பெரிதாக எழுதி, கீழே 'சுமையா அத்தாவுக்கு ரெக்கார்டிங் அனுப்புவது' என்று சேர்த்து, மூடியின் உள்பக்கம் ஒட்டினேன். அன்று காலைப் பயிற்சியின் ரெக்கார்டிங் ஏறத் தொடங்கியது. அப்போதைய லைனில் அரை மணி நேரத்துப் பதிவு ஏறுவதென்றால் அரை நாள். எவ்வளவு ஏறியது என்று காட்டும் கோடு நகர்கிறதா என்றே தெரியாது. ஹாஜிரா சோறு போட்டார். சாப்பிட்டேன். சுமையா பாயிலேயே தூங்கிப்போனாள். கடையிலிருந்து இரண்டு முறை கூப்பிட்டார்கள். வர நேரமாகும் என்றேன். நாலரை மணிவாக்கில் ஓரத்தில் பச்சை டிக் வந்தது. அதற்கப்புறம்தான் நான் நாற்காலியை விட்டு எழுந்தேன்.